டாக்டர் எஸ். கோவெண்டரும் காப்புரிமைப் பதிவில் இருக்கும் எஸ். கோவெண்டரும் ஒருவர்தானா? எப்படிப் பார்ப்பது?

சாட்ஸ்வர்த் பேத்தி எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். பழைய பதிவேடுகளோடு பழகியவர்கள் இங்கே நிறையப் பேர் இருக்கிறீர்கள், அதனால் கேட்கிறேன்.

என் அம்மாவின் அப்பா டாக்டர். இங்கே தென்னாப்பிரிக்காவில் டர்பன் மெடிக்கல் ஸ்கூல் 1951இல் தொடங்கியது. ஆரம்ப வருடங்களிலேயே அதில் சேர்ந்து படித்தவர். கிங் எட்வர்ட் ஆஸ்பத்திரியில் பயிற்சி முடித்து, கிரே ஸ்ட்ரீட்டில் துணிக்கடைக்கு மேல் மாடியில் ஒரு சின்ன சர்ஜரி, அதாவது நோயாளிகளைப் பார்க்கும் கிளினிக், வைத்திருந்தார். இனவாரிக் குடியிருப்புச் சட்டத்தால் ஜனங்களைச் சாட்ஸ்வர்த்துக்குக் கொண்டுவந்து குடியேற்றியபோது சர்ஜரியும் அவர்கள் பின்னாலேயே இங்கே வந்துவிட்டது. பெயரை முழுதாகப் போட வேண்டாம் என்று அம்மா சொல்லிவிட்டார்கள். எஸ். கோவெண்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதலெழுத்து வேறு, சிக்கல் இதேதான்.

தாத்தா ஒரு கருவி செய்தார் என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த கதை. டிரிப் குழாயில் சொட்டைக் கூட்டவும் குறைக்கவும் அந்தக் காலத்தில் இருந்த கிளிப் ராத்திரியில் தளர்ந்துவிடுமாம். நர்ஸ் வந்து பார்ப்பதற்குள் பாட்டில் காலியாகிவிடும். தாத்தா பித்தளையில் இரண்டு தகடும் நடுவில் ஒரு திருகும் வைத்து, குழாயை மெதுவாக நெரிக்கிற மாதிரி ஒன்றைத் தெரிந்த பட்டறையில் சொல்லிச் செய்துகொண்டார். அது இன்றும் மாமா வீட்டுக் கண்ணாடி அலமாரியில் இருக்கிறது. நான் கையில் எடுத்துப் பார்த்திருக்கிறேன். திருகின் தலை விரல் பட்டுப் பட்டு வழவழப்பாகிவிட்டது.

இப்போது மாமா பையன் இணையத்தில் தேடி, 1981ஆம் ஆண்டின் தென்னாப்பிரிக்கக் காப்புரிமை (பேட்டன்ட்) பதிவு ஒன்றை எடுத்து வந்திருக்கிறான். திரவ ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் வால்வு என்று தலைப்பு. கண்டுபிடித்தவர் என்ற இடத்தில் "கோவெண்டர் எஸ்." என்று மட்டும் இருக்கிறது. வீட்டில் எல்லோருக்கும் ஒரே சந்தோஷம். இங்கே ஒரு சமூகக் கூடத்தின் படிப்பறைக்குத் தாத்தா பெயரை வைக்கிறார்கள். பெயர்ப் பலகையில் "டாக்டர், கண்டுபிடிப்பாளர்" என்று பொறித்துவிடலாம், காப்புரிமை எண்ணையும் போட்டுவிடலாம் என்று மாமா சொல்கிறார்.

எனக்கு மனசு ஒப்பவில்லை. டர்பனைச் சுற்றியுள்ள இந்த நேட்டால் பகுதியில் எத்தனை கோவெண்டர்கள், அதில் எத்தனை எஸ். கோவெண்டர்கள்! டாக்டர்கள் பதிவேட்டில் இணையத்தில் தேடினாலே எஸ். கோவெண்டர் என்று வரிசையாக வந்து நிற்கிறது. ஒரு இணையதளம் வேறு யாரோ எழுதிய எலும்பு முறிவுக் கட்டுரைகளையும் இந்த வால்வையும் ஒரே ஆள் பெயரில் சேர்த்துக் காட்டுகிறது. தாத்தா எலும்பு டாக்டரே இல்லை.

இன்னொரு டாக்டர் பார்த்த நோயாளியின் கார்டில் தாத்தா தன் கையெழுத்தைப் போடமாட்டார் என்று ஆயா (பாட்டி) சொல்வார்கள். அவர் பார்த்தது அவருடையது, நான் பார்த்தது என்னுடையது என்பாராம். அப்படிப்பட்டவர் பெயருக்குக் கீழே இன்னொருவர் உழைப்பை நாங்களே பொறித்துவிடக் கூடாது. அதே சமயம், அது உண்மையிலேயே தாத்தாவுடையதாக இருந்தால் விட்டுவிடவும் மனசில்லை.

இருவரும் ஒருவரா இல்லையா என்று உறுதியாகச் சொல்ல எந்தப் பதிவை, எந்த இடத்தில் பார்க்க வேண்டும்?

கோப்பு தேடுபவன் எழுதியது:

தங்கச்சி, முதலில் பலகை எழுதுபவரிடம் கொஞ்சம் பொறுக்கச் சொல்லிவிடு. பித்தளையில் ஏறிய எழுத்தை யாரும் பிறகு திருத்துவதில்லை. அதைப் பார்த்துப் பத்திரிகைக்காரர் எழுதுவார், அதைப் பார்த்துப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் எழுதுவார்கள்.

நான் பிரிட்டோரியாவில் காப்புரிமை வழக்கறிஞர்களுக்காகக் கோப்பு தேடிக் கொடுக்கும் வேலையில் இருந்து ஓய்வு பெற்றவன். பெயர் ஒற்றுமையால் வந்த குழப்பங்களை நிறையவே பார்த்திருக்கிறேன், அதிலும் நாயுடு, பிள்ளை, கோவெண்டர், மூட்லி என்றால் கேட்கவே வேண்டாம்.

உங்கள் வீட்டுப் பையன் பார்த்தது வெறும் சுருக்கப் பதிவு. இணையத் தரவுத்தளங்களில் தென்னாப்பிரிக்காவின் பழைய காப்புரிமைகளுக்குப் பெரும்பாலும் தலைப்பு, தேதி, பெயர் இவ்வளவுதான் கிடைக்கும். அதை வைத்து ஒரு முடிவும் எடுக்க முடியாது. ஆனால் அந்தச் சுருக்கத்திலேயே நாம் சாதாரணமாகக் கவனிக்காத ஓர் இடம் இருக்கிறது. பெயர்களுக்கு முன்னால் சின்ன எண்கள் இருக்கும். 72 என்றால் கண்டுபிடித்தவர். 71 என்றால் விண்ணப்பித்தவர். 74 என்றால் வழக்கறிஞர். நீ 72ஐ மட்டும் சொல்லியிருக்கிறாய். 71இல் யார் என்று பார். தாத்தா சொந்த சர்ஜரி வைத்திருந்தவர். அவர் தன் கருவிக்கு உரிமை கேட்டிருந்தால் அங்கேயும் பெரும்பாலும் அவர் பெயரே இருக்கும். ஒரு கம்பெனியின் பெயர் இருந்தால், அந்தக் கம்பெனியில் சம்பளத்துக்கு வேலை பார்த்தவர் கண்டுபிடித்து, உரிமை கம்பெனிக்குப் போயிருக்கிறது என்று சந்தேகப்படலாம். டாக்டரே ஒரு கம்பெனிக்கு உரிமையை எழுதிக் கொடுப்பதும் உண்டு. ஆகவே இது ஒரு தடயம், அவ்வளவே.

அடுத்தது வகைப்பாட்டு எண், 51க்கு எதிரே இருக்கும். மருத்துவக் கருவி என்றாலே ஏ61 என்று தொடங்கும். அறுவை, நோயறிதல் என்றால் ஏ61பி (A61B). உடம்புக்குள் மருந்தோ திரவமோ செலுத்தும் கருவி என்றால் ஏ61எம். சாதாரண வால்வுகளுக்கு எஃப்16கே. இங்கே கவனம் வேண்டும். எஃப்16கே என்று இருந்தால் உடனே "தாத்தாவுடையது இல்லை" என்று முடிவு கட்டிவிடாதே. வளையும் குழாயை வெளியிலிருந்து நெரித்து ஓட்டத்தை அடக்கும் கருவிகளும் எஃப்16கேயின் 7ஆம் பிரிவுக்குள்தான் வருகின்றன. உன் தாத்தாவின் பித்தளைத் திருகை நீ வர்ணித்ததைப் பார்த்தால் அது அப்படியே அந்தப் பிரிவுக்குப் பொருந்தும். எனவே எஃப்16கே மட்டும் இருந்தால் ஒன்றும் சொல்ல முடியாது. கூடவே இரண்டாவதாக எந்த எண் இருக்கிறது என்பதுதான் பேசும். ஏ61எம் கூட இருந்தால் தாத்தா பக்கம் சாய்கிறது. சி13 இருந்தால் அது சர்க்கரைத் தொழில். நேட்டாலில் சர்க்கரை ஆலைகளில் வால்வோடு மல்லுக்கட்டிய ஃபிட்டர்கள், இன்ஜினியர்கள் எத்தனை பேர் என்று உனக்கே தெரியும்.

இதெல்லாம் வீட்டில் உட்கார்ந்தே பார்க்கக்கூடியது. உண்மையான பதில், கண்டுபிடிப்பை விளக்கி விண்ணப்பத்தோடு கொடுக்கும் முழு விவரக்குறிப்பில் இருக்கிறது. 1978ஆம் ஆண்டின் 57ஆம் எண் காப்புரிமைச் சட்டப்படி தாக்கல் செய்த முழு விவரக்குறிப்பின் முகப்பில் விண்ணப்பதாரர், கண்டுபிடித்தவர் இருவரின் முழுப் பெயரும் எழுத வேண்டும், வெறும் முதலெழுத்து அல்ல. விண்ணப்பப் படிவத்தில் முகவரியும் இருக்கும். பிரிட்டோரியா அலுவலகத்தில் நகல் கேட்டு வாங்கு. வந்ததும் முகப்புக்கு அடுத்து முதல் இரண்டு பத்திகளைப் படி. எந்தத் துறைக்கான கண்டுபிடிப்பு, இதுவரை இருந்ததில் என்ன குறை என்று அங்கேதான் எழுதுவார்கள். ராத்திரியில் தளரும் டிரிப் கிளிப்பைப் பற்றிப் பேசுகிறதா, வேறு எதையாவது பேசுகிறதா என்று ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

இன்னொரு வழியும் உண்டு, சில சமயம் இதுவே சீக்கிரம் பலன் தரும். இங்கே விண்ணப்பித்த 12 மாதத்துக்குள் வெளிநாட்டிலும் விண்ணப்பித்தால் இங்குள்ள தேதியையே முன்னுரிமையாகக் கோரலாம். அப்படி அமெரிக்காவில் ஒரு பிரதி இருந்தால் நீ அதிர்ஷ்டசாலி. அமெரிக்கக் காப்புரிமையின் முதல் பக்கத்தில் கண்டுபிடித்தவரின் பெயரோடு அவர் வசிக்கும் ஊரையும் அச்சிடுவார்கள். தரவுத்தளத்தில் "ஒரே குடும்பம்" என்று காட்டும் பட்டியலைத் திறந்து பார். இல்லாவிட்டால் இங்குள்ள எண்ணை முன்னுரிமை எண்ணாகப் போட்டுத் தேடு.

மாமாவிடம் இதையும் சொல். தென்னாப்பிரிக்காவில் அந்தக் காலத்தில் காப்புரிமை கொடுப்பதற்கு முன் கண்டுபிடிப்பு புதியதா என்று அலுவலகம் ஆராய்ந்து பார்த்ததில்லை. படிவங்கள் சரியாக இருந்தால் உரிமை பதிவாகும். ஆகவே காப்புரிமை எண் இருப்பதனால் தாத்தாவுக்குப் பெருமை கூடிவிடாது, இல்லாததனால் குறைந்தும் போய்விடாது. வைத்திய முறை எதற்கும் உரிமை வாங்கவே முடியாது, அதே சட்டத்தின் 25ஆம் பிரிவு தடுக்கிறது. கருவிக்கு மட்டும்தான் வாங்கலாம், அதையும் பல டாக்டர்கள் வாங்கவில்லை. ஆலன் கார்மாக்கை எடுத்துக்கொள். கேப் டவுன் பல்கலைக்கழகத்தில் பௌதிகம் கற்பித்தவர், டாக்டர்கூட இல்லை. 1956இல் க்ரூட் ஸ்கூர் ஆஸ்பத்திரியில் கதிரியக்க வேலையைக் கவனிக்கப் போன இடத்தில் அவருக்கு உதித்த யோசனைதான் சி.டி. ஸ்கேனுக்கு அடிப்படைக் கணக்கானது. அவர் அதை 1963, 1964இல் ஆய்வுக் கட்டுரைகளாக வெளியிட்டார். இயந்திரத்தைச் செய்து காப்புரிமை வாங்கியது இங்கிலாந்தில் இருந்த ஹவுன்ஸ்ஃபீல்ட். 1979இல் நோபல் பரிசு இருவருக்கும் சேர்த்துக் கிடைத்தது.

கடைசியாக அந்த இணையதளம். எலும்புக் கட்டுரையையும் வால்வையும் ஒரே பெயரின் கீழ் போடுவது இயந்திரம் எழுத்தைப் பார்த்துச் சேர்ப்பது. ஜோஹன்னஸ்பர்கில் கண்புரை சிகிச்சைக்கு உறைநிலைக் கருவி செய்த செலிக் பெர்சி அமாய்ல்ஸ் மாதிரிப் பெயர் என்றால் அந்தச் சேர்க்கை பெரும்பாலும் சரியாக இருக்கும், அமாய்ல்ஸ் என்று உலகத்தில் எத்தனை பேர் இருக்கப்போகிறார்கள். கோவெண்டருக்கு அது ஆகாது.

டோங்காட் அக்கா எழுதியது:

தேடுபவர் அண்ணா காப்புரிமைப் பக்கத்தை முழுக்கச் சொல்லிவிட்டார். நான் டாக்டர் பக்கத்தைச் சொல்கிறேன். தாத்தா யார் என்பதை முதலில் பதிவுகளிலேயே கெட்டியாக நிறுத்திக்கொள், தங்கச்சி. அப்புறம்தான் இன்னொரு பதிவோடு ஒப்பிட முடியும். முழுப் பெயர், அது எந்தெந்த எழுத்துக்கூட்டலில் வந்திருக்கிறது, பிறந்த தேதி, பட்டம் வாங்கிய வருடம், எந்த வருடத்தில் எந்த முகவரி. இவ்வளவும் ஒரு தாளில் இருக்கட்டும்.

டாக்டர்கள் எல்லோருக்கும் பதிவு எண் உண்டு. இப்போதைய கவுன்சிலின் பதிவேட்டில் அது எம்.பி. (MP) என்ற எழுத்துகளோடு தொடங்கும். அந்த எண் ஆளோடு போவது. பெயர் எத்தனை பேருக்கு இருந்தாலும் எண் ஒருவருக்குத்தான். மருத்துவக் காப்பீட்டு பில்லில் வரும் பிராக்டிஸ் எண்ணை இதோடு குழப்பிக்கொள்ளாதே, அது வேறு. பழைய மருந்துச் சீட்டோ லெட்டர்ஹெட்டோ வீட்டில் இருந்தால் தேடிப் பார். இறந்துபோனவர்களை இணையத் தேடல் காட்டும் என்று நம்பியிருக்காதே. 1928ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஏற்பட்ட பழைய மெடிக்கல் கவுன்சில் காலத்து அச்சுப் பதிவேடுகளை நூலகங்களில் கேள். இதைவிட முந்தைய தலைமுறை என்றால் பிரிட்டனின் பதிவேட்டைத்தான் பார்க்கச் சொல்லியிருப்பேன். டர்பனில் மெடிக்கல் ஸ்கூல் வருவதற்கு முன் நம் பிள்ளைகளில் பலர் எடின்பரோ போய்த்தான் படித்தார்கள்.

நம் ஆட்களின் பெயரை எப்படித் தேடுவது என்பதில்தான் எனக்கு அக்கறை அதிகம். டாக்டர் கூனம் என்று டர்பனில் சொன்னால் தெரியாதவர்கள் இருக்க மாட்டார்கள். நம் சமூகத்தில் முதல் பெண் டாக்டர். கூனம் என்பது அவருடைய சொந்தப் பெயரின் சுருக்கம், குடும்பப் பெயர் நாயுடு. நாயுடு என்ற எழுத்தின் கீழ் மட்டும் தேடுகிறவர் அவரைத் தவறவிடுவார். கூனம் என்று மட்டும் தேடினால் அவருடைய படிப்புக் காலத்துப் பதிவுகள் கைக்கு வராமல் போகலாம். நேட்டால் இந்தியக் காங்கிரஸின் தலைவராக இருந்த டாக்டர் மான்டி நாயக்கரும் அப்படித்தான். ஊரெல்லாம் மான்டி, தாளில் ஜி.எம். நாயக்கர். அதே காலத்தில் அதே காங்கிரஸில் எம்.பி. நாயக்கர் என்று இன்னொருவர் இருந்தார், அவர் பத்திரிகைக்காரர். பழைய கூட்டக் குறிப்பில் வெறும் "எம். நாயக்கர்" என்று பார்த்தால் நான் பேனாவைக் கீழே வைத்துவிட்டு அடுத்த தாளைத் தேடுவேன்.

இது நம் முன்னோர் கப்பலிலிருந்து இறங்கிய நாளிலேயே தொடங்கிய தொல்லை. 1860இலிருந்து 1911 வரை ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்கள் 1,52,184 பேர். கப்பல் பட்டியலில் அவர்களுக்குக் குடும்பப் பெயர் கிடையாது. சொந்தப் பெயர், அப்பா பெயர், வயது, ஜாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், கூடவே ஒரு கொலோனியல் எண். பெயர்கள் எல்லாம் முனுசாமி, கோவிந்தன், வீரம்மா என்று திரும்பத் திரும்ப வரும். அந்த எண் மட்டும்தான் ஆளைப் பிரித்துக் காட்டும். பிள்ளைகளின் பிறப்புப் பதிவிலும் அப்பாவின் எண்ணை எழுதினார்கள். பின்னால் ஒரு மகனுக்கு அப்பாவின் பெயரே குடும்பப் பெயரானது, அவன் தம்பிக்கு ஜாதிப் பெயர் குடும்பப் பெயரானது. கூடப் பிறந்தவர்களே இரண்டு குடும்பப் பெயரோடு இருக்கிறார்கள். ஒரே குடும்பப் பெயர் கொண்ட இருவர் சொந்தமே இல்லாமலும் இருக்கிறார்கள். எங்கள் தெருவிலேயே இரண்டும் உண்டு.

இறந்தவரின் சொத்துக் கோப்பையும் விட்டுவிடாதே. அதில் இருக்கும் இறப்பு அறிவிப்பில் பெற்றோர் பெயர், பிறந்த இடம், மனைவி, பிள்ளைகள் எல்லாம் இருக்கும். பழைய கோப்புகள் பீட்டர்மாரிட்ஸ்பர்க் ஆவணக் காப்பகத்தில், பிற்காலத்தவை உயர் நீதிமன்றத்தின் மாஸ்டர் அலுவலகத்தில். தாத்தாவுக்கு ஒன்று எடு. அந்த இன்னொரு எஸ். கோவெண்டர் யாரென்று தெரிந்தால் அவருக்கும் எடுத்துப் பார்க்கலாம். குவாசுலு-நேட்டால் பல்கலைக்கழகத்தின் வெஸ்ட்வில் வளாகத்தில் காந்தி-லுதுலி ஆவண மையத்தில் பழைய இந்தியப் பத்திரிகைகள் இருக்கின்றன. டாக்டர் என்றால் சர்ஜரி திறந்ததையோ இடம் மாற்றியதையோ விளம்பரமாகப் போட்டிருப்பார்கள், முகவரியும் தேதியும் அதிலேயே கிடைத்துவிடும்.

அடையாள எண்ணை மட்டும் இங்கே போட்டுவிடாதே. அதில் பிறந்த தேதியே இருக்கிறது.

ஆய்வகத் தம்பி எழுதியது:

அக்கா, அந்த எலும்பு முறிவுக் கட்டுரைகளைப் பற்றி மட்டும் நான் சொல்கிறேன்.

ஆய்விதழ்களில் குடும்பப் பெயரும் முதலெழுத்தும் மட்டுமே வைத்துத் தேடினால் நம் ஊர்க்காரர்கள் எல்லோரும் ஒன்றாக வந்து விழுவார்கள். டர்பனிலேயே பார்க்கலாம். கோகிலியம் நாயுடு காசநோய், ஹெச்.ஐ.வி. ஆராய்ச்சி செய்யும் டாக்டர், காப்ரிசா நிலையத்தில் இருக்கிறார். கோவின் நாயுடு கண் பரிசோதனைத் துறை, கிட்டப்பார்வை பற்றிய ஆய்வுகளில் உலக அளவில் தெரிந்த பெயர். முதலாமவர் "நாயுடு கே.", இரண்டாமவர் பெரும்பாலும் "நாயுடு கே.எஸ்." என்று எழுதுகிறார். "நாயுடு கே." என்று தேடினால் நுரையீரலும் கண்ணும் ஒரே பட்டியலில் வரும். மருத்துவக் கட்டுரைகளைப் பட்டியலிடும் பப்மெட் தரவுத்தளத்தில் எழுதியவர்களின் முழுப் பெயர் 2002லிருந்துதான் சேர்கிறது, அதுவும் இதழ் அச்சிட்டிருந்தால் மட்டும். உங்கள் தாத்தா காலத்துக் கட்டுரைகளில் முதலெழுத்தைத் தவிர ஒன்றும் கிடைக்காது.

ஒருவரே இரண்டாகப் பிரிந்து கிடப்பதும் உண்டு. சலிம் அப்துல் கரீமை சில பட்டியல்கள் "அப்துல் கரீம்" என்றும் சில வெறும் "கரீம்" என்றும் வைத்திருக்கின்றன. கேப் டவுன் பார்னார்ட் சகோதரர்கள், கிறிஸ்டியானும் மாரியஸும், இருவரும் இதய அறுவை மருத்துவர்கள், 1967இல் க்ரூட் ஸ்கூரில் இதயம் மாற்றிய குழுவிலேயே இருவரும் இருந்தார்கள். அங்கே ஊர், ஆஸ்பத்திரி, துறை எல்லாமே ஒன்று. சி.என்., எம்.எஸ். என்ற முதலெழுத்துகள் மட்டும்தான் பிரிக்கின்றன.

இப்போது ஆய்வு செய்கிறவர்களுக்கு ஆர்க்கிட் என்ற 16 இலக்க எண் 2012லிருந்து கிடைக்கிறது. நான் அதை வைத்துத்தான் பிழைக்கிறேன், எங்கள் துறையிலேயே என் பெயரில் இன்னொருவர் இருக்கிறார். தாத்தாவுக்கு அது உதவாது. அவருக்கு நீங்கள் பார்க்க வேண்டியது கட்டுரையின் அடியில் இருக்கும் ஆஸ்பத்திரி முகவரியும் கூட எழுதியவர்களின் பெயர்களும். தென்னாப்பிரிக்க மெடிக்கல் ஜர்னலின் பழைய இதழ்கள் இணையத்தில் இருக்கின்றன. சின்னக் கருவிகளைப் பற்றி டாக்டர்கள் அரைப் பக்கக் குறிப்போ ஆசிரியருக்குக் கடிதமோ எழுதுவது வழக்கம். தாத்தா குழாயை நெரிக்கும் தன் கிளாம்ப்பைப் பற்றி அப்படி எழுதியிருந்தால் அது காப்புரிமையைவிட நல்ல சாட்சி.

சாட்ஸ்வர்த் பேத்தி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. நீங்கள் சொன்ன வரிசையிலேயே போனேன். பலகை இன்னும் எழுதப்படவில்லை. மாமா கோபித்துக்கொண்டார், ஆனாலும் காத்திருந்தார்.

71இல் ஒரு கம்பெனி. பெயரை இங்கே எழுதவில்லை. வகைப்பாட்டில் எஃப்16கே, அடுத்தபடியாக சி13. அதைப் பார்த்தபோதே மனசுக்குத் தெரிந்துவிட்டது, ஆனாலும் அண்ணா சொன்னபடி நிற்காமல் அமெரிக்கப் பிரதியைத் தேடினேன். இருக்கிறது. அதில் முழுப் பெயரைப் பார்த்ததும் ஒரு நிமிடம் கை நடுங்கியது. தாத்தாவின் பெயரேதான். எழுத்துக்கூட்டலில் ஓரெழுத்து மட்டும் வேறு, அதுவும் தாத்தாவின் பள்ளிச் சான்றிதழில் இருக்கிற மாதிரியே! மாமா பையன் "பார்த்தாயா" என்று எழுந்து நின்றுவிட்டான். பக்கத்திலேயே ஊர்: ஸ்டேஞ்சர்.

தாத்தா ஸ்டேஞ்சரில் இருந்ததே இல்லை. 1981இல் அவர் தினமும் சாட்ஸ்வர்த் சர்ஜரியில் இருந்தார். அம்மா அங்கே வரவேற்பு மேஜையில் உட்கார்ந்து கார்டு எடுத்துக் கொடுத்த வருடங்கள் அவை. விவரக்குறிப்பைப் படித்தேன். கரும்புச் சாறு போகும் குழாயில் படியும் காறையால் வால்வு இறுகிப்போவதைப் பற்றியது. ஆலையை நிறுத்தாமலேயே அதைச் சுத்தம் செய்ய அவர் ஒரு வழி கண்டிருக்கிறார். எனக்கு இயந்திரம் தெரியாது, ஆனாலும் வரைபடத்தைப் பார்த்தால் எவ்வளவு யோசித்திருக்கிறார் என்று புரிகிறது.

தாத்தாவின் கிளாம்ப் பற்றி மெடிக்கல் ஜர்னலில் இதுவரை ஒன்றும் கிடைக்கவில்லை. தேடிக்கொண்டிருக்கிறேன். பலகையில் "டாக்டர்" என்று மட்டும் போடுகிறோம், சர்ஜரி நடந்த வருடங்களோடு. மாமா ஒத்துக்கொண்டார்.

இன்னொன்று. அந்த ஸ்டேஞ்சர் கோவெண்டரின் வீட்டுக்காரர்களுக்கு இந்தக் காப்புரிமையைப் பற்றித் தெரியுமா? அமெரிக்காவரை போன வேலை. பேரப்பிள்ளைகள் இருந்தால் அவர்களுக்குச் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றிக்கொண்டே இருக்கிறது. இணையதளத்தில் அவருடைய வால்வு இன்னும் எலும்பு டாக்டரின் பெயரோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது.

கோப்பு தேடுபவன் எழுதியது:

நல்ல வேலை செய்தாய் தங்கச்சி. பெயர் ஒத்துப்போன இடத்திலும் ஊரைப் பார்த்து நின்றாயே, அந்த இடத்தில்தான் பலர் நிற்க மாட்டார்கள்.

தாத்தாவின் கிளாம்ப்பை அலமாரியிலேயே விட்டுவிடாதே. நல்ல வெளிச்சத்தில் அளவுகோலை பக்கத்தில் வைத்துப் படம் எடு. எந்தப் பட்டறை, ஏறக்குறைய எந்த வருடம், யார் பயன்படுத்திப் பார்த்தார்கள் என்று அம்மாவும் ஆயாவும் சொல்வதை அவர்கள் பெயரோடும் தேதியோடும் எழுதி வை. "குடும்பத்தார் சொன்னது" என்று தலைப்பிலேயே குறிப்பிட்டுவிட்டால் அதுவும் முறையான பதிவுதான். ஆவண மையத்தில் ஒரு பிரதி கொடு. கிங் எட்வர்டில் அந்தக் காலத்தில் வேலை பார்த்த நர்ஸ்கள் யாராவது இருந்தால் சீக்கிரம் போய்ப் பார்.

இணையதளத்துக்குத் திருத்தம் எழுதும்போது "இது என் தாத்தா இல்லை" என்று மட்டும் எழுதினால் கவனிக்க மாட்டார்கள். அமெரிக்கப் பிரதியின் எண்ணைக் கொடு, ஊரைக் குறிப்பிடு, இரண்டு பேரையும் தனித்தனியாகப் பிரிக்கச் சொல்.

டோங்காட் அக்கா எழுதியது:

ஸ்டேஞ்சர் இப்போது குவாடுகூசா. என் நாத்தனார் வீடு அங்கேதான். ஆலையில் வேலை செய்து ஓய்வு பெற்றவர்கள் கோயிலில் ஞாயிறு காலை கூடுவார்கள், 1981இல் ஃபிட்டராகவோ ஃபோர்மேனாகவோ இருந்த கோவெண்டர் என்றால் யாராவது ஒருவருக்குத் தெரிந்திருக்கும். முழுப் பெயரையும் காப்புரிமையின் முதல் பக்கத்தையும் எனக்குத் தனிச் செய்தியில் அனுப்பு தங்கச்சி. அந்த வரைபடத்தையும் சேர்த்து அனுப்பு, பெயர் ஞாபகம் இல்லாதவர்களுக்கும் வால்வு ஞாபகம் இருக்கும்.